முப்பத்தேழு மார்க்

பெஞ்சு நனைந்திருந்தது. அந்தத் தகரக் கூரையில் பதினொரு ஓட்டைகள். நான் எண்ணியிருக்கிறேன். மூன்றாவது பெஞ்சுக்கு நேர் மேலே மட்டும் நான்கு. சுடலைமுத்து உள்ளே வந்தார், பெஞ்சைப் பார்த்தார், கையிலிருந்த புத்தகத்தை அதன்மேல் வைத்தார், அதன்மேல் உட்கார்ந்தார்.

புத்தகம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனங்கள் நாம். இந்த மனிதர் அதை மணையாக்கிவிட்டார். அதுவும் ஒன்பது பேருக்கு மொத்தமே மூன்று பிரதிதான். எனக்கு வயது இருபத்து நான்கு, அவருக்கு நாற்பத்தொன்று. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கத்தி முடித்தபோது மற்ற எட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

அவர் எழுந்திருக்கவில்லை.

"ஈரத்துல உக்காந்தா எனக்கு மூலம் கெளம்பிரும் சார். புஸ்தகத்துக்கு மூலம் வராது. நீங்க நடத்துங்க" என்றார்.

எட்டுப் பேரும் சிரித்தார்கள். போர்ட் பிளேரில் டெலானிபூர் சரிவில், மழை கொட்டிய ஒரு காலை, எட்டேகால் மணிக்கு என் முதல் வகுப்பு இப்படித்தான் தொடங்கியது.

ஏழு வழிகள்

இதை எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை. இந்த வாரம் மீன் விலை பற்றி எழுதுவதாக இருந்தேன். கெடுத்தது எதிர்வீட்டுப் பெண்.

குட்வில் எஸ்டேட்டில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெண் மருத்துவம் படிக்கிறாள். நல்ல பெண், சத்தமில்லாமல் கேட்டைச் சாத்துவாள். அவளுக்கும் அவள் வகுப்புக்கும் எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர மெயின்லாண்டிலிருந்து ஒருவர் விமானத்தில் வந்து இரண்டு நாள் பேசியிருக்கிறார். வழவழப்பான தாளில் ஏழு வழிகள் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். "தாத்தா, உங்க காலத்துல இதெல்லாம் கிடையாதுல்ல?" என்று காட்டினாள்.

நான் படித்தேன். நான்காவது வழி: புத்தகத்தை மூடிவிட்டு உன்னையே கேட்டுப் பார். ஐந்தாவது: படித்ததை நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் பார்.

ஏழும் சரி. தப்பாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அந்த ஏழில் இரண்டை ஒழுகும் ஷெட் ஒன்றில் நாங்கள் கண்டுபிடித்து வைத்திருந்தோம். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் பிழைப்பை நான் கெடுத்தேன். அந்தத் தாளைப் பார்த்து மூன்று நாளாகிறது. வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுகிறேன்.

(போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தென்காசிப் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "எதையும் எண்ணாமல் உங்களால் ஒரு பத்தி எழுத முடியாதா?" என்று கேட்டு அஞ்சலட்டை போட்டிருந்தார். முடியாது ஐயா. உங்கள் அட்டையில் பிழைகள் ஆறு.)

ஒன்பது மாணவர்கள்

எங்கள் வருகைப் பதிவேட்டின் தலைப்பில் "மருத்துவ மாணவர்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கேட்டால் இன்று சிரிப்பீர்கள். ஒன்பது பேரும் மீசை நரைத்தவர்கள். ஒருவருக்குப் பேரன்கூட இருந்தான்.

குடியேற்றம் தொடங்கிய வருஷங்களில் தீவுகளுக்கு டாக்டர் போக மாட்டார். கம்பவுண்டர் போனால் அடுத்த கப்பலில் லீவு போட்டுவிட்டு மெயின்லாண்ட் போவார், திரும்ப மாட்டார். அதனால் புண்ணைக் கழுவிக் கட்டத் தெரிந்தவன், ரத்தத்தைக் கண்டு மயங்காதவன், போகச் சொன்ன தீவில் கிடக்கச் சம்மதிக்கிறவன், இவ்வளவு இருந்தால் போதும், டிரெஸ்ஸர் என்று போட்டுவிடுவார்கள். சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஆள் கிடைக்காது.

சுடலைமுத்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து மரம் வெட்டும் கூலியாக வந்தவர். லாங் ஐலண்டில் தடிகளைக் கடலில் மிதக்கவிட்டுக் கட்டும் இடத்தில் வேலை. அங்கிருந்த கம்பவுண்டருக்கு மாலை நேரத்தில் பாட்டில் கழுவிக் கொடுத்தார். அவர் லீவில் போய்த் திரும்பாமலிருக்கவே, டிஸ்பென்சரிச் சாவி இவர் கையில் நின்றுவிட்டது. பதினோரு வருஷம் அந்தத் தீவுக்கு வைத்தியம் அவர்தான். டிஸ்பென்சரிக்குப் பின்னால் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். மனைவி, மூன்று பிள்ளைகள், வாசலில் வாழை.

பிறகு ஓர் உத்தரவு வந்தது. எங்கிருந்து, யார் போட்டது என்று எழுதப் போவதில்லை. போட்டவர் இந்தத் தீவுகளைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார். சான்றிதழ் இல்லாத டிரெஸ்ஸர்கள் ஆறு மாதத்துக்குள் ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். நூற்றுக்கு நாற்பது. தேறாதவர் வார்டு அட்டெண்டராக இறங்க வேண்டும், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

வார்டு இருப்பது போர்ட் பிளேரில்தான். ஆகவே சுடலைமுத்து தேறாவிட்டால் தீவு போகும், வீடு போகும், பதினோரு வருஷம் போகும்.

ஒன்பது பேரையும் படிக்கப் போர்ட் பிளேருக்கு வரவழைத்துவிட்டார்கள், பாடம் நடத்த டாக்டர்களுக்கு நேரமில்லை. காய்ச்சல் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக நான் கப்பலிறங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. கணிதத்தில் பி.எஸ்ஸி. பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மருத்துவம் உனக்குத் தெரிய வேண்டாம், அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, படிக்கச் சொல்லிக்கொடு, அவ்வளவுதான் என்றார்.

அவர்களுக்கு என்ன தெரியும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இருபத்தொரு கோடு

எனக்குத் தெரிந்த படிப்பு ஒன்றுதான், உருப்போடுவது. எங்கள் வாத்தியார் பிரம்பை வைத்துச் சொல்லிக்கொடுத்ததை நான் பிரம்பில்லாமல் செய்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் இருபத்தொரு முறை வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு கோடு. இருபத்தொரு கோடு விழுந்தால் அடுத்த பக்கம். ஏன் இருபத்தொன்று என்று கேட்காதீர்கள். ஒரு கணக்கு வேண்டும் என்று வைத்த கணக்கு.

புத்தகத்தில் முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை ஒன்பது பேரும் ஆளுக்கொரு ராகத்தில் கத்தினார்கள். வங்காளத்திலிருந்து குடியேறியவர் ஒரு பக்கம், மலையாளி ஒரு பக்கம், ராம்சரண் ஒரு பக்கம்.

ராம்சரண் தீவிலேயே பிறந்தவர். ஜெயில் காலத்தில் வந்த குடும்பம், நான்கு தலைமுறை. இந்திதான் வீட்டு மொழி. கடைத்தெருத் தமிழும் பேசுவார். வகுப்பில் முதல் மாணவர் அவரே. அவர் நோட்டில் கோடுகள் வரிசையாக, வேலி போட்டதுபோல நிற்கும். சுடலைமுத்துவின் நோட்டில் எந்தப் பக்கத்துக்கும் ஆறு கோட்டுக்குமேல் விழவில்லை. வார்டில் டியூட்டியும் பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு. பாதியில் எழுந்து போய்விடுவார்.

"ஆறு தடவை படிச்சு எப்படிப் பாஸ் பண்ணுவீங்க?" என்றேன்.

"ராம்சரணு இருபத்தியொண்ணு படிக்காருல்லா சார். என் பங்கும் அதுல இருக்கட்டும்."

அன்று அவரை ஷெட்டுக்கு வெளியே நிற்கவைத்தேன். என்னைவிடப் பதினேழு வயது மூத்தவரை, கொட்டும் மழையில். கூரை நுனிக்குக் கீழே ஒண்டி நின்றுகொண்டு, உள்ளே ராம்சரண் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கப்பல் வரவில்லை

கேள்வித்தாள் கப்பலில்தான் வரும். தேர்வு நடத்தும் டாக்டரும் அதே கப்பலில் வருவார், விடைத்தாள்களை இங்கேயே திருத்திவிட்டு அதே கப்பலில் திரும்புவார். அதனால் தேர்வுக்குத் தேதி கிடையாது. கப்பல் வந்த மூன்றாம் நாள் தேர்வு. அவ்வளவுதான் அறிவிப்பு.

இங்கே எல்லாக் காரியமும் அப்படித்தான். வெங்காயமும் கப்பலில், கடிதமும் கப்பலில், கல்யாண மாப்பிள்ளையும் கப்பலில். எங்கள் ஆட்கள் படிப்பையும் கப்பலுக்கே கட்டிவிட்டார்கள். மெட்ராஸிலிருந்து கப்பல் புறப்பட்டது என்று தந்தி வந்ததும் அந்த நான்கு நாளில் சோறு தண்ணி இல்லாமல் கத்தினார்கள். ராம்சரண் தன் கைப் பிரதியில் இருந்த பக்கம் அத்தனையும் முடித்துவிட்டார். கப்பல் வந்த அன்றே தேர்வு வைத்திருந்தால் அச்சடித்ததுபோல ஒப்பித்திருப்பார்.

கப்பல் வந்தது, டாக்டர் வரவில்லை. அவருக்கு உடம்புக்கு முடியவில்லையாம், அடுத்த கப்பலில் வருவாராம். அடுத்த கப்பலைப் புயல் பிடித்து நிறுத்தியது. தினமும் காலையில் ராம்சரண் வந்து நிற்பார். "மாஸ்டர்ஜி, ஜஹாஜ் கப் ஆயேகா?" கப்பல் எப்போது வரும் என்று என்னைக் கேட்டால்? நானா ஓட்டுகிறேன்?

டாக்டர் இல்லாமல் கப்பல் வந்த பதினெட்டாம் நாள் எனக்குச் சந்தேகம் வந்து நானே ஒரு சோதனை வைத்தேன். புத்தகத்திலிருந்து முப்பது கேள்வி, வாயால் பதில்.

ராம்சரண் சொன்னது ஏழு. ஏழு! கோடு ஆறாயிரத்துச் சொச்சம், பதில் ஏழு. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, எல்லாம் வடிந்துவிட்டது மாஸ்டர்ஜி என்றார். மற்றவர்களும் ஐந்து, எட்டு, ஒன்பது என்று நின்றார்கள்.

சுடலைமுத்து பதினாறு சொன்னார்.

அவர் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து என்னை ஏமாற்றுகிறார் என்று முதலில் நினைத்தேன். வேறு முப்பது கேள்வி எடுத்துத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பதினைந்து.

"அண்ணாச்சி, நீங்க எப்படிப் படிக்கிறீங்க?" அவரை நான் அண்ணாச்சி என்று அழைத்தது அன்றுதான் முதல் தடவை.

"நான் எங்க சார் படிக்கேன். இங்க காதுல விழுததைக் கேட்டுக்கிட்டு வார்டுக்குப் போவேன். ஒவ்வொரு கட்டிலாப் போகையில, இந்த ஆளுக்கு என்ன, இதுக்குப் புஸ்தகத்துல என்ன சொன்னான்னு எனக்கு நானே கேட்டுப் பாப்பேன். வந்தா விட்டுருவேன். வரலேன்னா மனசு அரிச்சுக்கிட்டே இருக்கும். மறுநா வந்து அந்த எடத்தை மட்டும் பாத்துக்கிடுவேன்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கோடுதான கேட்டிய."

மூன்று டப்பா

அன்றோடு கோட்டை நிறுத்தினேன். கணக்கு தப்பென்று கணக்கே காட்டிவிட்டால் எனக்கு வீம்பு கிடையாது.

இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தேன். புத்தகம் மூடியிருக்க வேண்டும். ஒருவர் கேட்பார், மற்றவர் சொல்வார். சொல்லத் தெரியாத கேள்வியை ஒரு சீட்டில் எழுத வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பால்பவுடர் வந்த காலி டப்பாக்கள் மூன்று வாங்கி வைத்தேன். புதுச் சீட்டு முதல் டப்பாவில் விழும். அதை மறுநாள் எடுப்போம். பதில் வந்தால் இரண்டாவது டப்பாவுக்குப் போகும், மூன்று நாள் கழித்து எடுப்போம். அப்போதும் வந்தால் மூன்றாவது டப்பா, பத்து நாள் கழித்து. எங்கே தடுக்கினாலும் சீட்டு முதல் டப்பாவுக்கே திரும்பிவிடும். முதலில் அவரவர் பேச்சில் சொல்லலாம், பிறகு ஆங்கிலத்தில்.

ஷெட்டின் சத்தமே மாறிப்போனது. கத்தல் போய்ச் சண்டை வந்தது. எந்த நோயாளிக்கு எதைக் கொடுத்தோம், எது கேட்டது, எது கேட்கவில்லை என்று நான்கு பாஷையில் வாக்குவாதம். இரண்டாம் வாரச் சோதனையில் ராம்சரண் பதினேழு சொன்னார். சுடலைமுத்து இருபத்திரண்டு. டப்பாவில் மிஞ்சிய பால்பவுடர் சீட்டுகளில் ஒட்டி, ஷெட் முழுக்க ஓர் இனிப்பான புளித்த வாசனை. எறும்பு வந்தது. அந்த எறும்பைக்கூட எனக்குப் பிடித்திருந்தது.

பெரிய டாக்டர் ஒருநாள் அந்த வழியாகப் போனவர் உள்ளே எட்டிப் பார்த்து, இது வகுப்பா மீன் மார்க்கெட்டா என்று கேட்டார். மறுநாள் எனக்கு ஒரு மெமோ. காய்ச்சல் படிவங்கள் இருநூற்று நாற்பதைக் கிழித்து வீணாக்கியதற்கு விளக்கம் வேண்டும் என்று. படிவத்தின் பின்பக்கம் சும்மாதான் இருந்தது. அதில்தான் சீட்டு எழுதினோம். படிக்கிறார்களா, தேறுவார்களா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிவத்தை மட்டும் கேட்டார். விளக்கம் எழுதிக் கொடுத்தேன். எண்ணிக்கை இருநூற்று முப்பத்தாறுதான் என்றும் அதில் குறிப்பிட்டேன்.

கறையான் தின்ற பக்கங்கள்

இனி என் தப்புக்கு வருகிறேன்.

மூன்று பிரதிகளில் இரண்டில், கடைசிப் பாடத்துக்கு முந்தைய பதினாறு பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. விபத்துகள் பற்றிய பாடம். ஒரே ஒரு பிரதியில் மட்டும் இருந்தது. ஒன்பது பேர் ஒரு பிரதியைச் சுற்றி உட்கார நேரமில்லை, கப்பல் எந்த நாளும் வரலாம். அந்தப் பாடம் வேண்டாம், அதிலிருந்து கேட்டால் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அதோடு இன்னொரு கட்டளையும் போட்டேன். முந்தைய வருஷம் வேறு ஒரு தேர்வில் யாரோ நாட்டு வைத்தியம் எல்லாம் எழுதிவைத்து, திருத்தியவர் கோபத்தில் மொத்தத் தாளையும் அடித்துவிட்டார் என்று ஆபீஸில் ஒரு பேச்சு இருந்தது. அதை நம்பி, புத்தகத்தில் படிக்காத எதையும் எழுதாதீர்கள், உங்கள் சொந்த அனுபவத்தை எழுதாதீர்கள், தெரியாவிட்டால் வெறுமையாக விடுங்கள் என்று மூன்று நாள் திரும்பத் திரும்பச் சொன்னேன். சீட்டில் எழுதி டப்பாவிலும் போட்டேன். அவர்கள் அதையும் மனதில் பதித்துக்கொண்டார்கள். என் முறை அவ்வளவு நல்ல முறை.

கப்பல் வந்தது, டாக்டர் இறங்கினார். மூன்றாம் நாள் தேர்வு. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். மேற்பார்வை நான்தான். கேள்வித்தாளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஒரு பிரதியை நானும் படித்தேன். நான்காவது கேள்வி: நீரில் மூழ்கியவரைக் கரையில் போட்டால் செய்ய வேண்டியவை என்ன?

நான் சுடலைமுத்துவைப் பார்த்தேன். அவர் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஐந்தாவது கேள்விக்குப் போய்விட்டார்.

கூட்டல்

டாக்டர் இரண்டு நாளில் திருத்தி முடித்தார். கப்பலுக்குப் போகும் அவசரம். ஒவ்வொரு பதிலுக்கும் ஓரத்தில் மார்க், முன் அட்டையில் கூட்டுத்தொகை. அட்டையில் இருப்பதைப் பட்டியலில் மூன்று பிரதி எடுத்து எழுதுவது என் வேலை.

தாள்களில் எண்தான் இருந்தது, பெயர் இல்லை. ஆனால் ஒன்பது கையெழுத்தும் எனக்குத் தெரியும். சுடலைமுத்துவின் அட்டையில் நாற்பத்திரண்டு என்று இருந்தது.

ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷம். பிறகு நான் என்ன செய்தேன் என்றால், தாளைத் திருப்பிக் கூட்டினேன்.

ஆறு, ஐந்து, நான்கு. நான்காவது கேள்விக்குப் பூஜ்யம். ஐந்து, மூன்று, நான்கு, நான்கு, மூன்று, மூன்று. முப்பத்தேழு. கீழிருந்து மேலே கூட்டினேன். முப்பத்தேழு. டாக்டர் ஓர் ஐந்தை இரண்டு முறை கூட்டியிருந்தார்.

மற்ற எட்டையும் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி. இந்த ஒன்றுதான் தப்பு.

நேர்மை என்று யாரும் இதற்குப் பெயர் வைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் என் மனதில் நேர்மை இல்லை, பயம் இல்லை, அரசாங்கம் இல்லை. தப்பாக நிற்கும் ஒரு கூட்டலைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. சட்டையில் எறும்பு ஏறியதுபோல இருக்கும். தாளை எடுத்துக்கொண்டு டாக்டர் தங்கியிருந்த இடத்துக்கு ஏறிப் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பார்த்தார், நாற்பத்திரண்டை அடித்தார், முப்பத்தேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னையும் பக்கத்தில் போடச் சொன்னார். கூர்மையான பையன் என்று முதுகில் தட்டினார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். இந்த ஆளை நாலாவது கேள்வியை வாயால் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு வாக்கியம். அவர் கேட்டிருக்கவும் கூடும், நல்ல மனநிலையில்தான் இருந்தார். நான் முதுகில் தட்டியதை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன்.

ஏழு பேர் தேறினார்கள். ராம்சரண் நாற்பத்து நான்கு.

பட்டியல் ஒட்டிய அன்று சுடலைமுத்து ஆபீஸ் வராந்தாவுக்கு வந்தார். நானே சொல்லிவிட்டேன். அட்டையில் நாற்பத்திரண்டு இருந்தது, கூட்டல் தப்பு, நான்தான் கண்டுபிடித்துத் திருத்த வைத்தேன் என்று.

"நீங்க கூட்டுனது சரிதான சார்?" என்றார்.

"சரிதான்."

"சரியா இருந்தாச் சரி."

எனக்கு அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "நாலாவது கேள்வியை ஏன் அண்ணாச்சி விட்டீங்க? ஒரு வரி எழுதியிருந்தாலும் மூணு மார்க் வந்திருக்குமே" என்று நான்தான் சண்டைக்குப் போனேன்.

"புஸ்தகத்துல படிக்காததை எழுதக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய."

"உங்களுக்கு அது தெரியுமா?"

அவர் சொன்னார். தடி கட்டும் இடத்தில் கால் வழுக்கிக் கடலில் விழுகிறவர்கள் உண்டு. பதினோரு வருஷத்தில் பதினான்கு பேரைக் கரையில் போட்டிருக்கிறார்கள், ஒன்பது பேருக்கு மூச்சு வந்தது. எப்படிக் கவிழ்த்துப் போடுவது, வாயில் என்ன இருக்கிறது என்று விரலைவிட்டு எப்படித் தோண்டிப் பார்ப்பது, எங்கே கைவைத்து எந்தத் தாளத்தில் அழுத்துவது, எப்போது நிறுத்தக் கூடாது. நான் உள்ளே போய் முழுப் பிரதியைக் கொண்டுவந்து அந்தப் பாடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டேன். புத்தகத்தில் எட்டுக் குறிப்பு. அவர் ஏழு சொன்னார்.

புத்தகத்தில் இல்லாத ஒன்றும் சொன்னார். "முங்குனவனோட அண்ணந்தம்பி யாராச்சும் பக்கத்துல நிப்பான். அவனை மொதல்ல கம்பிளி எடுத்துட்டு வான்னு வீட்டுக்கு வெரட்டணும். கம்பிளி வேணும்னு இல்ல. இருந்தாம்னா மேல விழுந்து அழுவான், நம்ம கையை ஓட விடமாட்டான்."

எனக்குப் பத்து மார்க் போடும் அதிகாரம் இருந்திருந்தால் பதினொன்று போட்டிருப்பேன். இரண்டு பக்கம் மனு எழுதினேன். பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டு, திருத்தத்தில் இருப்பது உன் கையெழுத்துதானே என்று மட்டும் கேட்டார்.

சொல்லிக்கொடுத்தவர்

லாங் ஐலண்ட் டிஸ்பென்சரிக்கு ராம்சரணைப் போட்டார்கள். மருந்து இருப்பை எண்ணி ஒப்படைக்க என்னை அனுப்பினார்கள். வேறு யாரை அனுப்புவார்கள்?

நான் பாட்டில்களை எண்ணிய மூன்று நாளும் சுடலைமுத்து ராம்சரணை வீடு வீடாகக் கூட்டிப் போனார். ராம்சரணுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கப்பலிறங்கியதுமே, "அண்ணா, மேரா கசூர் நஹீ, என் தப்பு இல்லை" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சுடலைமுத்து கையை விடுவித்துக்கொண்டு, "நோட்டை எடும். ஏழாம் நம்பர் குடிசையில ஆரம்பிப்போம்" என்றார்.

எழுபத்து மூன்று குடும்பம். இன்னாருக்கு ஊசி ஒத்துக்கொள்ளாது, இன்னாருக்குச் சர்க்கரை, இந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை, மூன்றாவதுக்கு ஏழாம் மாதமே போர்ட் பிளேர் அனுப்ப வேண்டும், இந்த ஆள் மாத்திரையை வாங்கிக் கோழிக்குப் போடுவான், எதிரில் நின்று விழுங்கவைக்க வேண்டும். ராம்சரண் எழுதிக்கொண்டார். பத்து வீட்டுக்கு ஒருமுறை சுடலைமுத்து நோட்டைப் பிடுங்கி மூடி வைத்துக்கொள்வார். "சொல்லும். கடைக்காரப் பனியாவோட மாமியாருக்கு என்ன?" வராத வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப் போவார். முதல் நாள் வராததை மூன்றாம் நாள் மறுபடி கேட்டார். டிஸ்பென்சரி ஜன்னல் வழியாக எனக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் எண்ணிக்கொண்டே இருந்தேன். கடைசிச் சாயங்காலம் ராம்சரண் எழுபத்து மூன்றில் அறுபத்தெட்டுச் சொன்னார்.

இத்தனை வருஷத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த வகுப்பு அதுதான். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு மனிதர், அந்த வீட்டுக்கு வரப்போகிறவருக்கு நடத்தியது.

நான்காம் நாள் காலை படகு. பின்கட்டில் அவர் மனைவி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் மதினி என்றுதான் அழைப்பேன். வந்த மூன்று நாளும் எனக்குச் சோறு போட்டவர், ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை. நான் விடைபெறப் போனேன். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும் தம்பி. கூட்டிப் பாக்கணும்னு ஒங்கள்ட்ட யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்ல மதினி."

அவர் குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை வாசல் வாழைக்கு ஊற்றினார். குடத்தைக் கவிழ்த்து, கடைசி மூட்டையின் மேல் வைத்துக் கட்டினார்.